ஒன்பது மார்க் தண்ணீர்

மனிதர்கள் பொறாமைப்படுவதற்கு நிலம், நகை, கார், மாமனார் வீட்டுச் சொத்து என்று கௌரவமான விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் எதிர் வீட்டுத் தண்ணீரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். குடிக்கிற தண்ணீர். அதுவும் ஏறக்குறைய ஓர் ஆண்டு. கடையை மைத்துனன் பொறுப்பில் விட்டுவிட்டு, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, மனைவியிடம் பொய்யும் சொல்லி அலைந்தேன். எல்லாம் ஒரு தம்ளர் காப்பிக்காக. அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. ஊர் நூலகத்தில் பாதியைப் படித்து முடித்திருந்தேன். படித்தவன் இப்படிச் செய்வானா என்று கேட்காதீர்கள். படித்தவன்தான் இதையெல்லாம் இத்தனை ஒழுங்காகச் செய்வான்.

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு வளவில் குடியிருந்தோம். பொதுவாக ஒரு வாசல், நடுவில் முற்றம், சுற்றிலும் நான்கு வீடு. முற்றத்தில் ஒரு கிணறு உண்டு. அந்தத் தண்ணீரில் துணி துவைக்கலாம், தரை கழுவலாம், வேண்டாத விருந்தாளி வந்தால் குடிக்கவும் கொடுக்கலாம். அவ்வளவு உப்பு. குடிதண்ணீரை வண்டிக்காரர் பீப்பாயில் கொண்டுவந்து வீட்டுக்கு மூன்று குடம் ஊற்றிவிட்டுப் போவார்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, 'அந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?' என்பதுதான். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு அரை நாள் கொதித்தாலும் சரளைக்கல் மாதிரிக் கிடக்கும். பெண் கொடுப்பதென்றாலும் தண்ணீர்தான் முதல். பெண் வீட்டார் மாப்பிள்ளை ஊரில் நேராகப் போய் நிற்கமாட்டார்கள்; அது தாழ்ச்சி. வேண்டிய ஒருவரை, பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரை, சும்மா போகிறவர் போல அனுப்புவார்கள். அவர் போய்த் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். கோடையில் வற்றுமா, பெண்பிள்ளைகள் எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்று பேச்சோடு பேச்சாக விசாரிப்பார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அந்த ஊருக்கே தெரியும். ஆனாலும் பெண், கல்யாணம் என்ற பேச்சை அன்றைக்கு ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன்னால் என் மாமனார் வீட்டிலிருந்தும் அப்படி ஒருவர் வந்தார். எங்கள் தெருத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றினார். அப்படியும் பெண் கொடுத்தார்கள். கடையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று என் மனைவி அவ்வப்போது ஞாபகப்படுத்துவாள். ஆகவே இந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு அவமானம்.

எங்களுடையது மிளகாய் வத்தல், கொத்தமல்லிக் கடை. மல்லியைப் படியில் அளக்கும்போது மேலே குவிந்து நிற்பதைக் கட்டையால் ஓர் இழுப்பு இழுத்துத் தலை வழித்துவிடுவோம். தலை வழிக்காத வியாபாரி தலையில் துண்டு போட்டுக்கொள்வான் என்று என் அப்பா சொல்லுவார். அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். சர்க்கரைக்கு ஒரு கிண்ணம், எண்ணெய்க்கு ஒரு கரண்டி, காப்பித்தூளுக்கு ஒரு ஸ்பூன், ஆளுக்கு ஒன்று, தலை வழித்து. குடும்பம் ஒழுங்காக நடந்தது. மகிழ்ச்சியாக நடந்ததா என்று அளக்க என்னிடம் படி இல்லை.

எதிர் வீட்டுக்கு மின்சார ஆபீஸ்காரர் ஒருவர் குடிவந்தார். கிராமங்களில் கிணறுகளுக்குப் பம்புசெட் வைக்க, கரண்டு இணைப்புக் கொடுக்கும் வேலை. விளாத்திகுளம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பம். மனைவி, இரண்டு பிள்ளைகள், கல்யாணமாகாத தங்கை ஒருத்தி. தங்கைக்கு இருபத்து நான்கு வயது. அந்த வீட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் அவள் இருக்கிறாள், கேட்காவிட்டால் தூங்குகிறாள், அவ்வளவுதான் அவளைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

அவர் வேலை நிமித்தமாகக் கிணறு கிணறாகப் போகிறவர். போகிற இடத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பது பழக்கமாகி, பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு கிளம்புவார். புளியோதரைத் தூக்கு, ஒரு பித்தளைக் குடம், குடத்தின் வாயைக் கட்ட ஒரு வெள்ளைத் துணி. மல்லாங்கிணறு, திருச்சுழி, வீரசோழன், பரளச்சி என்று ஏதாவது ஒரு பஸ். ஏதோ ஒரு கிணற்றடியில் வேப்பமர நிழலில் சாப்பாடு. சாயங்காலம் நிறைகுடத்தோடு திரும்புவார்கள். பிள்ளைகளின் முகம் கரிசல் புழுதியில் கறுத்துப் பல் மட்டும் தெரியும். அந்தப் பற்கள் சிரித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தப் பற்களைப் பார்த்தாலே எரியும். இந்த வறட்டுக் காட்டில் அப்படி என்னத்தைக் கண்டார்கள்? நான் பிறந்து வளர்ந்த காடு. எனக்குக் காட்டாத எதை இவர்களுக்குக் காட்டியது?

அதற்கப்புறம் நடப்பதுதான் கொடுமை. முற்றத்தில் பாய் விரித்து வளவு முழுவதையும் கூப்பிடுவார். முதலில் எல்லோருக்கும் சின்னத் தம்ளரில் வெறுந்தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்.

"முதல்ல ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. முழுங்கினப்புறம் நாக்கு நுனியில ஒரு சவரு, உப்புக் கரிப்பு மாதிரி, வந்து நிக்கும் பாருங்க. வந்துருச்சா?"

எனக்கு ஒன்றும் வராது. "லேசா" என்பேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் ஊர், கிணறு, பருப்பு எத்தனை கொதியில் வெந்தது, பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதிக்கொள்வார். எட்டுக்கு மேல் எந்தக் கிணறும் வாங்கியதில்லை. அப்புறம் அந்தத் தண்ணீரில் அவர் மனைவி காப்பி போட்டுக்கொண்டு வருவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அதை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாடி! இப்படி ஒரு காப்பிய என் ஆயுசுல குடிச்சதில்லக்கா."

"என்ன தங்கச்சி, ஒரு காப்பிக்குப் போயி" என்று அந்த அம்மாள் வெட்கப்பட்டார்.

எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகி ஏழு வருடம். பட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மதுரைக்குக் கூட்டிப்போய் ஓட்டலில் அல்வா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அந்தத் 'தான்' என்னை ஏழு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. 'தான்' இல்லாத ஒரு பாராட்டை அவள் எதிர் வீட்டுக் காப்பிக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை எங்கள் வீட்டுக் காப்பியை ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். எனக்கு வேறெதுவும் வேண்டாம். என் வீட்டு அடுப்பில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு அவள் ஒரு தடவை அந்த 'ஆத்தாடி'யைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏதோ வேலையாக எதிர் வீட்டுக்குப் போனபோது காப்பி கொடுத்தார்கள். அதுவும் அதே ருசி. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். என்ன ஒரு கருமித்தனம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே நானும் தண்ணீருக்குக் கிளம்பினேன். முதல் படையெடுப்பு மல்லாங்கிணற்றுக்கு. பித்தளைக் குடம் எடுத்தால் எதிர் வீட்டைப் பார்த்துக் காப்பியடிக்கிறேன் என்பார்கள் என்று கடையிலிருந்து ஒரு தகர டின்னைக் கழுவி எடுத்துப்போனேன். மூன்று முறை கழுவினேன். வத்தல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் நான்கு வருடம் கிடந்த டின் அது. அன்று மாலை முற்றத்தில் என் காப்பியைக் குடித்த மூன்று வீட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக இருமினார்கள். மின்சார ஆபீஸ்காரர் மட்டும் கண்ணில் நீர் வழிய முழுத் தம்ளரையும் குடித்து முடித்தார்.

"ஒரு சுறுசுறுப்பு இருக்கு அண்ணாச்சி" என்றார்.

அவர் கேலி செய்திருந்தால் மன்னித்திருப்பேன். நிஜமாகவே என் மனம் நோகக் கூடாது என்று சொன்னார். பொறாமைக்காரனுக்கு எதிராளியின் நல்ல குணத்தைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

அடுத்து, அவரைப் போலவே குடும்பத்தோடு திருச்சுழிக்குப் போனோம். குண்டாற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கண்ணுக்கெட்டின தூரம் மணல். என் மனைவியும் ஐந்து வயது மகளும் மணலில் உட்கார்ந்து கையாலேயே ஊற்றுத் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் கலங்கலாகச் சுரந்தது. தெளியட்டும் தெளியட்டும் என்று குழியின் இரண்டு பக்கமும் குப்புறப் படுத்துக்கொண்டு தாயும் மகளும் காத்திருந்தார்கள். தெளிந்ததும் மகள் உள்ளங்கையில் அள்ளி அம்மாவுக்குக் கொடுத்தாள். வாய்க்கு வருவதற்குள் பாதி ஒழுகிவிட்டது. இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். "ஏங்க, இங்கிட்டு வாங்க, வந்து குடிச்சுப் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் வந்து குடித்தேன். "மணல் வாடை அடிக்கிது. நாலு மார்க்குக்கு மேல தேறாது" என்றேன்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் புளியோதரைத் தூக்கைத் திறந்தாள். அன்றைக்கு அந்த ஊற்றுக் குழியருகே நான் விட்டுவிட்டு வந்தது என்ன என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. அப்போது புரிந்ததெல்லாம், நான்கு மார்க் தண்ணீரை வைத்துக்கொண்டு எதிர் வீட்டை ஜெயிக்க முடியாது என்பது மட்டுமே.

ஆனி மாதக் கடைசியில், வத்தல் மூட்டை லோடு கொண்டுவந்த வண்டிக்காரர் ஒருவர் கடையில் வாய்விட்டார். பரளச்சியைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சம்சாரி வீட்டுத் தோட்டத்துக் கிணறு.

"ரெண்டு கொதிதான் அண்ணாச்சி, பருப்பு பூவா மலந்துரும். ஐப்பசியில எப்படியோ அப்படியேதான் ஆனியிலயும் கெடக்கும். தண்ணியா அது, எளநி!"

அந்தக் கிணற்றில் பம்புசெட் கிடையாது, மாடு கட்டி இறைக்கும் கமலைதான். அப்படியென்றால் எதிர் வீட்டுக்காரர் அங்கே போயிருக்க முடியாது. அன்று மாலையே, அவர் கை கழுவப் போன சமயம் பார்த்து, அவருடைய நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அந்த ஊர் இல்லை. முப்பத்திரண்டு வயதில், திருட்டுத்தனமாக இன்னொருவர் நோட்டில் மார்க் பார்த்தவன் நான்.

சனிக்கிழமை காலை பித்தளைக் குடத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

"எங்க கிளம்பிட்டீக?" என்றாள் மனைவி.

"பரளச்சிப் பக்கம். மல்லி வெள்ளாமை பாத்துட்டு வாரேன்."

"ஆனி மாசக் கரிசல்ல என்ன மல்லி வெளஞ்சு கெடக்கு?"

"அடுத்த வருசத்து வெள்ளாமைக்கு இப்பவே பேசணும்ல" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கி ஒன்றரை மைல் நடை. வெடித்துக் கிடந்த கரிசலில் சீமைக்கருவேலைத் தவிரப் பச்சை இல்லை. நடுவே அந்தத் தோட்டம் மட்டும் நாலு தென்னையோடு நின்றது. பொறாமைக்காரனுக்குக்கூடக் கடவுள் வழி காட்டுகிறார் என்று நினைத்தேன். கிணற்றடியில் வீட்டுக்காரர், அறுபது வயதிருக்கும், வடம் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு? எங்கிட்டு இருந்து வாரீக?"

இங்கேதான் சறுக்கினேன். வத்தல் வியாபாரி என்றால் சம்சாரி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது. விலையைக் குறைக்கிற ஜாதி நாங்கள். ஆகவே, சொல்லவே கூசிய பெயரைச் சொன்னேன்.

"அருப்புக்கோட்டை. கரண்டு ஆபீஸ் சார் இருக்காகள்ல, அவுக வளவுதான். எதிர் வீடு. இந்தப் பக்கமாப் போனேன், ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போகலாம்னு."

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஏத்தா, யாரு வந்திருக்காகன்னு பாரு! வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார். இவர்கள் கிணற்றுக்குக் கரண்டு கேட்டு மனுக் கொடுத்து ஒரு வருடமாகக் காத்திருக்கிறார்கள் என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். அதனால்தான் இந்த மரியாதை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். என் எதிரியின் பெயருக்கு இத்தனை செல்வாக்கா என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டே உட்கார்ந்தேன்.

செம்பில் தண்ணீர் வந்தது. குடித்தேன். எனக்கு நாக்கு நுனியில் எதுவும் தெரிந்ததில்லை என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குத் தெரிந்தது. சவரும் இல்லை, சப்பென்றும் இல்லை. தொண்டையில் இறங்கிய பிறகு மெல்ல ஓர் இனிப்பு. செம்பைக் கவிழ்த்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டேன். பெரியவரும், கதவோரம் நின்ற அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தண்ணி அருமையா இருக்கு. கோடையில வத்துமா?" என்றேன்.

"வத்துறதா? எங்க பாட்டன் காலத்துல இருந்து தரை தெரிஞ்சதில்ல."

"வீட்டுல இருந்து பொம்பளைக எடுக்குறதுன்னா எத்தனை தூரம்?"

"இந்தா, நாப்பது எட்டு வச்சா கெணத்தடி. எங்க வீட்டுக்கு வந்த மருமக ஒருத்தியும் தலையில தண்ணி சுமந்து தெருவைத் தாண்டுனதில்லீங்க" என்று அந்த அம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"பருப்பு?"

"இருந்து சாப்பிட்டுட்டே போங்க, நீங்களே பாத்துக்கிருவீக."

நெல்லுச்சோறு பொங்கினார்கள். கம்பும் சோளமும் தின்கிற வீட்டில், ஒரு விசேஷமும் இல்லாத சனிக்கிழமை, முகமறியாத ஒருவனுக்கு நெல்லுச்சோறு. எந்த முட்டாளுக்கும் அந்த இடத்தில் மணி அடித்திருக்கும். நான் பருப்பைப் பிசைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூவாக மலர்ந்திருந்தது.

"இவன்தான் எங்க கடைசிப் பய" என்று பெரியவர் ஓர் இளைஞரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். கறுப்பு, நல்ல உயரம், வெட்கப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். குடத்தைப் பஸ் வரைக்கும் தூக்கிவர ஆள் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். தோளையும் கையையும் பார்த்தேன். "நல்ல தெம்பான ஆளு. போதும்" என்றேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

கிளம்பும்போது குடத்தை நிறைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி, கழுத்தைச் சுற்றி ஒரு முழம் மல்லிகையும் சுற்றிக் கொடுத்தார் அந்த அம்மாள். நல்ல பண்பாடான குடும்பம் என்று வியந்தேன். இளைஞர் குடத்தைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றினார்.

"அண்ணாச்சி, சாமி குடமா? இறக்கி வைக்கலாமா, கூடாதா?" என்றார் கண்டக்டர்.

"காப்பிக் குடம்யா" என்றேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்திருப்பேன்.

இரவோடு இரவாக மற்ற மூன்று வீட்டுக்கும் சொல்லிவிட்டேன்: நாளைக் காலை காப்பி எங்கள் வீட்டில். அதிகாலையில் எழுந்து அடுப்பருகே நானே நின்றேன். பால், வடிகட்டி, தூள், ஆளுக்கு ஒரு ஸ்பூன், தலை வழித்து. எங்கேயும் ஒரு பிசகு கிடையாது. முற்றத்தில் பாய் விரித்தாகிவிட்டது. மின்சார ஆபீஸ்காரர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். சரியாக அந்த நேரத்தில் வளவு வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது.

இறங்கியவர்கள் ஆறு பேர். முன்னால் அந்தப் பெரியவர், சலவை வேட்டியில். பின்னால் அவர் மனைவி, கையில் தாம்பாளம். வாழைப்பழம், வெற்றிலை, பூ. என்னைப் பார்த்ததும் பெரியவர் முகம் மலர்ந்தது.

"ஆடி பெறக்க இன்னும் மூணே நாளுதான் இருக்கு. தள்ளிப்போட்டா ஆவணிக்குப் போயிரும். நீங்க வேற போதும்னு வாய் நெறையச் சொல்லிட்டு வந்தீக. அதான் காலையிலேயே வண்டியக் கட்டிட்டோம்" என்றார். பிறகு பாயில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கும்பிட்டார். "கரண்டு ஆபீஸ் சார் நீங்கதானே? உங்க தங்கச்சியப் பத்தி முந்தியே கேள்விப்பட்டோம். நாங்களா கேட்டா நல்லா இருக்காதுன்னு இருந்தோம். நேத்து நீங்க ஆளனுப்பித் தண்ணி குடிக்கச் சொன்னதும் என் வீட்டுக்காரி அழுதுட்டா."

தையல் மெஷின் சத்தம் நின்றது.

மின்சார ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த காப்பித் தட்டைப் பார்த்தேன். கிணறு, செம்பு, நாற்பது எட்டு, நெல்லுச்சோறு, மல்லிகை எல்லாம் வரிசையாக வந்து என் தலையில் ஒவ்வொரு குட்டு வைத்துவிட்டுப் போயின. முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிய அந்த மனிதரின் முகமும் வந்தது. 'ஐயா, நான் வந்தது காப்பிக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது, சவரு மாதிரி.

மின்சார ஆபீஸ்காரர் எழுந்துவந்து என் இரண்டு கையையும் தட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு வருசமா அலையறேன் அண்ணாச்சி. ஒரு எடமும் தகையலை. நீங்க ஒரு வார்த்தை வெளிய விடாம, கடையப் போட்டுட்டு, ஊர் ஊராப் போயித் தண்ணி குடிச்சுப் பாத்திருக்கீக. இப்பத்தான் புரியுது."

மல்லாங்கிணற்றுக்கு நான் போனதையும், வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வந்ததையும்கூட அவர் தங்கை கணக்கில் சேர்த்துவிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். ஒரு வருடத்தில் நான் பேசிய ஒரே உண்மை அது. அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் காப்பியை விருந்தாளிகள் குடித்தார்கள். பெண் பார்க்கும் அவசரத்தில் அது எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. என் மனைவிக்கு ஒரு தம்ளர் மிஞ்சவே இல்லை. அவள் அன்று முழுவதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக, பெருமையாக. அந்தப் பார்வை நான் செய்யாத காரியத்துக்குக் கிடைத்தது என்பதால் அதையும் என்னால் அனுபவிக்க முடியவில்லை. என்மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம். மேடையில் எனக்கு வேட்டி துண்டு மரியாதை. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு விதித்தது. வாரம் தவறாமல் பரளச்சி பஸ்ஸில் எதிர் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் வரும், சம்பந்தி வீட்டுச் சீராக. நான் தேடி, நான் நடந்து, நான் கண்டுபிடித்த கிணறு என் எதிரிக்குச் சொந்தமாகிவிட்டது. நோட்டில் அதற்கு ஒன்பது மார்க்.

"பத்துத் தகும் அண்ணாச்சி. சொந்தக்காரங்க கெணறு, பத்துப் போட்டா ஊரு ஒருதலைப்பட்சம்னு சொல்லும்" என்றார்.

வருகிற குடத்தில் பாதியை எங்கள் வீட்டுக்கு ஊற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் எடுத்துப்போவார். எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. ஆகவே இப்போது என் வீட்டு அடுப்பிலும் ஒன்பது மார்க் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. என் மனைவி தினமும் காப்பியைக் குடித்தாள், தம்ளரைக் கழுவினாள், கவிழ்த்தாள். ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுக் காப்பிக்கு மட்டும் அந்த 'ஆத்தாடி' மாறாமல் வந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படியில் அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். மல்லி வெள்ளாமைப் பொய், திருட்டுத்தனமாக நோட்டைப் பார்த்தது, தண்ணீர் குடிக்கப் போய்ச் சம்பந்தம் பேசியது, எல்லாம் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்பதற்காக என்பது வரை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குண்டாற்றில் சிரித்த அதே சிரிப்பு.

"இப்ப ரெண்டு வீட்டுலயும் ஒரே தண்ணி. ஒரே கெணறு. ஒரே குடம். அப்புறமும் நம்ம வீட்டுக் காப்பி ஏன் அப்படி வரமாட்டேங்குது?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூள் டப்பாவுக்குள் கிடந்த ஸ்பூனை எடுத்து என் கையில் வைத்தாள்.

"தண்ணியில என்னங்க இருக்கு? அவுக வீட்டுல தூளக் குமிச்சுப் போடுவாக. நீங்கதான் தலை வழிச்சுப் போடச் சொல்லிருக்கீக."